அடுப்படி வியாபாரத்துக்கு ஒரு கொப்பி



வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியைச் சூழவுள்ள வீடுகளிலும் இன்று பல அடுப்புகள் குடும்பத்துக்காக மட்டும் எரிவதில்லை. வட்டிலப்பம், பிரியாணி, ரோல்ஸ், பெட்டிஸ் என்று ஓடர் எடுத்துச் செய்து கொடுக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அபாயா தைத்துக் கொடுப்போர் இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி பலரை இந்த வழிக்குத் தள்ளியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. உணவுப் பொருட்களின் விலையேற்றம் 90 வீதத்தையும் தாண்டியது. கணவரின் சம்பளம் மாத நடுவிலேயே முடிந்துபோன வீடுகளில், மனைவி தன் கைத்தொழிலை நம்பி எழுந்து நின்றாள்.

இது மார்க்கம் வெறுக்கும் காரியமன்று. நம் தாய் கதீஜா (ரழி) அவர்கள் மக்காவின் பெரிய வியாபாரிகளுள் ஒருவர். தன் சரக்கைக் கொடுத்து, கூலியும் பேசி, நபி (ஸல்) அவர்களை ஷாமுக்கு அனுப்பிவைத்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மனைவி ஸைனப் (ரழி) அவர்கள், தன் கணவருக்காகவும் தன் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்காகவும் செலவிடுவது ஸதகாவாகுமா என்று கேட்டுவிட்டபோது, உறவைப் பேணியதற்கு ஒன்று, தர்மத்துக்கு ஒன்று என இரண்டு நன்மைகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

ஆகவே தொழில் செய்யலாமா என்பது பற்றி இம்மாதம் எழுதவில்லை. தொழில் தொடங்கும் முன் செய்ய வேண்டிய ஒரு சிறு காரியத்தைப் பற்றியே எழுதுகிறேன். ஒரு கொப்பி வாங்குங்கள்.

பார்த்துக்கொள்வோம் என்ற சொல்

ஆலிம்களிடம் வரும் குடும்பப் பிணக்குகளில் ஒரு வகை அடிக்கடி திரும்பத் திரும்ப வருகிறது. தங்கை கேக் செய்து விற்க நினைக்கிறாள். வெளிநாட்டிலிருக்கும் நானா 1 இலட்சம் ரூபாய் அனுப்புகிறார். தங்கை அவன் வாங்குகிறாள், பாத்திரம் வாங்குகிறாள். ஆறு மாதம் நன்றாக ஓடுகிறது. பிறகு சீனியும் மாவும் விலையேற, ஓடர் குறைய, தொழில் நின்றுபோகிறது. நானா ஊருக்கு வந்ததும் என் பணம் எங்கே என்கிறார். நீங்கள் பங்குக்குத்தானே தந்தீர்கள், நஷ்டத்திலும் உங்களுக்குப் பங்கு உண்டுதானே என்கிறாள் தங்கை. மதினி இடையில் ஒரு வார்த்தை சொல்கிறார். உம்மா அழுகிறார். பெருநாளைக்கு இரு வீட்டாரும் முகம் பார்ப்பதில்லை.

இருவரில் யார் பொய் சொல்கிறார்? யாருமில்லை. பணம் கொடுத்த அன்று என்ன பேசினீர்கள் என்று கேட்டால், இருவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: எல்லாம் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பேசினோம். அந்த ஒரு சொல்லுக்கு நானா ஒரு பொருள் கொண்டார், தங்கை வேறொரு பொருள் கொண்டாள். வந்து கேட்கும்போது தீர்ப்புச் சொல்ல ஆலிமிடமும் ஒன்றும் இருக்காது. எழுத்து இல்லை, சாட்சி இல்லை.

அல்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது தெரியுமா? தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. ஸூரதுல் பகராவின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எப்படி எழுதிக்கொள்வது என்பதுதான் அதன் பொருள். றமழானில் தராவீஹில் ஓதக் கேட்கிறோம். ஸலாம் கொடுத்து வெளியே வந்ததும், நமக்குள் என்ன எழுத்து என்கிறோம்.

கடனாளியின் வாய்மொழி

அந்த வசனத்தில் சில நுட்பங்கள் உண்டு. கடன் சிறியதாயினும் பெரியதாயினும் தவணையைக் குறித்து எழுதச் சோம்பல் படக்கூடாது என்கிறது. நம்மில் பலர் பெரிய தொகையை மட்டும் எழுதுகிறோம். உறவு முறிவதோ பெரும்பாலும் சிறிய தொகைகளில்தான்.

எழுதுவதற்கு வாசகம் சொல்ல வேண்டியவர் யார் என்பதையும் அது சொல்கிறது. கொடுத்தவர் அல்ல, கடன் பட்டவரே. அவர் தன் வாயால் இவ்வளவு வாங்கினேன், இன்ன நாளில் தருவேன் என்று சொல்லும்போது, பிற்பாடு மறுக்க வழியில்லை. கொடுத்தவர் கூட்டி எழுதிவிட்டார் என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை.

கைக்குக் கை மாறும் ரொக்க வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்ற சலுகையும் அதே வசனத்தில் இருக்கிறது. ஆகவே பத்து ரோல்ஸ் விற்றதற்கெல்லாம் ஒப்பந்தம் எழுதுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. கடனை எழுதுவது வாஜிபல்ல, விரும்பத்தக்கது என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்து. ஆனால் விரும்பத்தக்கது என்பதற்குத் தேவையற்றது என்று பொருளல்ல.

நம்பிக்கை இல்லாதவர்தான் எழுதுவார் என்பது நம் சமூகத்தில் வேரூன்றிய எண்ணம். உண்மை வேறு. நம்பிக்கை கெடாமல் இருக்கவே எழுதுகிறோம். மனிதன் மறப்பவன். மறதிக்கு உறவுமுறை தெரியாது.

மூன்று விதப் பணம்

கொப்பியின் முதற் பக்கத்தில், தொழிலுக்கு வந்த ஒவ்வொரு தொகைக்கும் எதிரே அது எந்த வகை என்று எழுதுங்கள். மூன்றே வகைதான்.

ஒன்று, அன்பளிப்பு. வாப்பா மகளுக்குச் சும்மா கொடுத்தது. கைக்கு வந்தபின் அது உங்கள் சொத்து. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டு, கடன். தொழில் வென்றாலும் தோற்றாலும் முழுத் தொகையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு சதமும் பேசக்கூடாது. அழகிய கடன் என்று அல்குர்ஆன் சிறப்பித்துச் சொல்வதும், வட்டியின் கலப்பில்லாத இந்த மனநிலையைத்தான்.

மூன்று, பங்கு. ஒருவர் பணம் போட, மற்றவர் உழைப்பதை முழாரபா என்பார்கள். இதில் லாபத்தை விகிதமாகவே பேச வேண்டும். பாதிக்குப் பாதி, மூன்றில் ஒன்று என்பது போல. நஷ்டம் வந்தால் பணம் போட்டவர் பணத்தை இழக்கிறார், உழைத்தவர் உழைப்பை இழக்கிறார். உழைத்தவர் கவனயீனமாக நடந்தாலோ பேசியதை மீறினாலோ மட்டுமே முதலுக்குப் பொறுப்பாவார்.

மேலே சொன்ன நானாவும் தங்கையும் முதல் நாளே இம்மூன்றில் ஒன்றை எழுதியிருந்தால் பிணக்கு பிறந்திராது. கடன் என்று எழுதியிருந்தால் தங்கை மெல்ல மெல்ல அடைத்திருப்பாள். பங்கு என்று எழுதியிருந்தால் நானா அல்லாஹ்வின் கத்ர் என்று பொறுத்திருப்பார்.

மாதம் 3,000 என்ற பொறி

இதைவிட ஆபத்தான ஒன்று நம் வீடுகளில் நடக்கிறது. ஒரு சகோதரி தன் நகையை விற்று 1 இலட்சத்தைத் தெரிந்தவரின் வியாபாரத்தில் போடுகிறார். அவர் மாதம் தவறாமல் 3,000 தருகிறார். முதலும் பத்திரமாக இருக்கிறதாம். இதை லாபம் என்று பெயர் சொல்லிச் சாப்பிடுகிறோம்.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இம்மாதம் அவருக்கு லாபமே இல்லாவிட்டால் அந்த 3,000 எங்கிருந்து வருகிறது? முதலுக்கு உத்தரவாதமும் மாதாமாதம் குறித்த தொகையும் பேசப்பட்டால், பெயர் எதுவாயினும் அது வட்டியே. பாதிக்குப் பாதி என்று பேசினால், லாபம் 8,000 வந்த மாதம் உங்களுக்கு 4,000. 1,000 வந்த மாதம் 500. வராத மாதம் ஒன்றுமில்லை. அதற்குக் கணக்கு காட்ட வேண்டும். கணக்குக் காட்ட மறுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள், அவர் எத்தனை ஹஜ் செய்தவராயினும் சரி.

முதலுக்கு எங்கே போவது?

வட்டிக் கடன் வீட்டு வாசலுக்கே வருகிறது. அதன் முடிவை நம் நாடு கண்டது. நுண்கடன் சுமையால் கிராமத்துப் பெண்கள் பட்ட துயரம் எல்லை மீறி, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சம் ரூபாய் வரையான கடன்களை 2018இல் அரசாங்கமே இரத்துச் செய்ய நேர்ந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று சங்கிலியில் மாட்டியவர்கள் அவர்களுள் பலர்.

மாற்று வழி உண்டு. 2001இல் லாகூரில் டொக்டர் அம்ஜத் ஸாகிபும் நண்பர்களும் ஒரு விதவைக்கு 10,000 ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள். அவர் அதைக் கொண்டு தொழில் செய்து, கடனைத் திருப்பித் தந்தார். அதிலிருந்து பிறந்ததே அகுவத் என்னும் நிறுவனம். பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் வைத்து, மத வேறுபாடின்றி, வட்டியில்லாமல் கடன் கொடுத்து வருகிறது. 2021இல் ஸாகிப் அவர்களுக்கு மக்ஸைஸை விருது கிடைத்தது. மதீனாவில் முஹாஜிர்களுக்கும் அன்ஸாரிகளுக்கும் இடையே நபி (ஸல்) அவர்கள் ஏற்படுத்திய சகோதரத்துவமே அதன் பெயரும் கருவும். அந்தச் சகோதரத்துவத்தில் பாதிச் சொத்தைத் தருகிறேன் என்ற ஸஃது பின் ரபீஃ (ரழி) அவர்களுக்குத் துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று கேட்டார் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி). பாற்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கியவர், பெரும் செல்வரானார்.

நம் பெண்களிடையே உள்ள சீட்டும் நல்ல வழியே. பத்துப் பேர் மாதம் 5,000 போட்டு, முறைப்படி ஆளுக்கு ஒரு தடவை 50,000 எடுப்பதில் கூடுதலோ குறைவோ இல்லை. ஏலம் கேட்டு, 50,000த்தை 42,000க்கு எடுக்கும் சீட்டு அப்படியல்ல. அதை விட்டும் விலகுங்கள்.

ஓடருக்கும் ஒரு பக்கம்

12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் ஒரே நாளில் 2,675 ரூபாயிலிருந்து 4,860 ரூபாயானதை எந்தச் சமையற்காரியும் மறந்திருக்க மாட்டாள். முதல் மாதமே வலீமாவுக்கு விலை பேசி முடித்தவள் என்ன செய்வாள்? பேசிய விலையை ஒருதலையாகக் கூட்ட முடியாது. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான். சொன்ன விலைக்கே கொடுப்பதற்காக இறைச்சியைக் குறைப்பது அதனிலும் மோசம். அளவையில் மோசம் செய்வோருக்கென ஒரு ஸூரத்தே இறங்கியிருக்கிறது.

தூரத்து நாளுக்கு ஓடர் வந்தால் நாளை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். விலையை ஒரு வாரத்துக்கு முன் இருவரும் பேசி முடிவு செய்வோம் என்று சொல்லிவிடுங்கள். முடிவானதும், சோறு எத்தனை கிலோ, இறைச்சி எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு, முற்பணம் எவ்வளவு என்று கொப்பியில் எழுதுங்கள். கொட்டாஞ்சேனையில் கோயிலும் தேவாலயமும் விகாரையும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. உங்கள் வாடிக்கையாளர் எல்லா வாசலிலிருந்தும் வருவார். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பின் முஸ்லிம் கடைகளை மக்கள் தவிர்த்த நாட்களை நாம் கடந்து வந்தவர்கள். சொன்ன நிறை, சொன்ன நேரம், சொன்ன விலை என்பன அயலவரிடம் நம்மைப் பற்றிப் பேசும் அளவுக்கு, எந்த மேடைப் பேச்சும் பேசாது.

வீட்டுக் காசும் தொழில் காசும்

இரண்டு காசையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். மகனின் டியூஷன் காசுக்கு மாவு வாங்கும் காசை எடுத்தால், எடுத்ததை எழுதுங்கள். மனைவியின் சம்பாத்தியம் மனைவியுடையது. குடும்பச் செலவு கணவரின் கடமை. அவள் மனமுவந்து கொடுத்தால் அது அவளுக்கு ஸதகா. கேட்காமல் எடுத்தால் அது அவருக்கு அமானத மோசடி. இந்தப் பந்தியைக் கணவன்மாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எழுதி வைத்தவருக்கே ஸகாத்தும் இலேசு. சந்திர வருடம் முடியும் நாளில் விற்பதற்கென வைத்திருக்கும் சரக்கை அன்றைய விலைக்கு மதியுங்கள். கையிலுள்ள தொழில் காசையும், கிடைக்கும் என்று நம்பத்தக்க வரவையும் கூட்டுங்கள். அது நிஸாபை அடைந்தால் இரண்டரை வீதம் ஸகாத். வெள்ளியில் நிஸாப் 595 கிராம், தங்கத்தில் 85 கிராம். அவனுக்கும் தையல் இயந்திரத்துக்கும் ஸகாத் இல்லை. அவை தொழிலின் கருவிகள், சரக்கல்ல.

சகோதரிகளே, ஜனாஸா ஒன்று கொண்டுவரப்பட்டால் இவருக்குக் கடன் இருக்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். கடனும் அதை அடைக்க ஒன்றும் இல்லாத நிலையும் இருந்தபோது, தாம் தொழுவிக்காமல் நின்றார்கள். அந்தக் கடனைத் தான் ஏற்பதாக ஒரு தோழர் சொன்ன பின்பே தொழுவித்தார்கள். நம் வீட்டு அலுமாரியில் ஒரு கொப்பி இருந்தால், நாம் போன பின் நம் பிள்ளைகள் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று தடுமாற மாட்டார்கள்.

பிஸ்மில்லாஹ் சொல்லி அடுப்பை மூட்டும் கைகள், பிஸ்மில்லாஹ் சொல்லிப் பேனாவையும் எடுக்கட்டும். உங்கள் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. உங்கள் உறவுகளைக் காசு பிரிக்காமல் காப்பானாக. ஆமீன்.