பழைய ஃபைலைக் கணக்குப்பிள்ளையே எடுக்கட்டும்



பேரேடு இருந்த இடத்தில் இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. கை தவறி ஒரு ஃபைல் அழிந்தால், திருமானூரிலிருந்து அரியலூருக்கோ தஞ்சைக்கோ போன் போட்டு, ஆள் வரும்வரை கணக்கை நிறுத்தி வைக்கிறோம். இது தேவைதானா?

கடைக் கம்ப்யூட்டர்களுக்குப் பொதுவான சேமிப்புப் பெட்டிகள் பலவற்றில் ‘ஸ்னாப்ஷாட்’ வசதி உண்டு. குறித்த நேரத்தில் ஃபைல் இருந்த நிலையை அது அப்படியே காக்கும். காலை 10 மணி நிலையை மாலையில் கணக்குப்பிள்ளையே எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் சர்வரில் 2003 முதலே இத்தகைய வசதி உள்ளது.

“இன்றைய விற்பனையை மறைக்க நேற்றைய ஃபைலைப் போட்டுவிட்டால்?” என்பது முதலாளிகளின் அச்சம். நியாயமானதே. ஆனால் மணிக்கொரு ஸ்னாப்ஷாட் எடுத்தால் இன்றைய நிலையும் அதில் நிற்கும். ஊழியர் அதை நகலெடுக்கலாம், திருத்த முடியாது. அழிக்கும் பாஸ்வேர்டை மட்டும் நாம் வைத்துக்கொள்வோம்.

கொள்ளிட வெள்ளத்திலோ திருட்டிலோ பெட்டியே போனால் ஸ்னாப்ஷாட்டும் போய்விடும். விபத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி கணக்குக்கு நகல் வைக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. விதி 57. ஆகவே வேறிடத்தில் தனி நகலும் அவசியம்.

கல்லாச் சாவி முதலாளியிடம், பேரேடு கணக்குப்பிள்ளையிடம். இதுதானே நம் கடை வழக்கம்!