தொடாமல் வைத்தால் செத்துப்போகும்

பழைய கணினி சேகரிப்பவர்கள் மத்தியில் புழங்கும் சொற்களில் எனக்கு அறவே ஆகாதது ‘ஒரிஜினல்’. திறக்காதது, திருகாணி கழற்றாதது, ஒட்டுத்தாள் கிழியாதது என்று அதற்குப் பொருள். விற்கிறவர் இதைச் சொல்லி விலையை ஏற்றுகிறார். வாங்குகிறவர் இதைச் சொல்லிப் பெருமையடிக்கிறார். 1991-இல் செய்த ஓர் அமிகா 500 பிளஸ் இன்றுவரை திறக்கப்படவே இல்லை என்றால், உள்ளே இருக்கிற பேட்டரியை இன்றுவரை யாரும் எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்த பேட்டரி சும்மா இருந்திருக்காது. கண்ணாடி அலமாரியில் வைத்து நாம் துடைத்துக்கொண்டிருப்பது மேல் ஓட்டை மட்டும்.

தொடாமல் வைத்திருப்பதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ளும் இந்த வழக்கத்துக்கு எதிராகத்தான் எழுதுகிறேன்.

அமிகா என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1985-இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் கமடோர் நிறுவனம் இந்தக் கணினியை அறிமுகப்படுத்தியபோது, மேடையில் உட்கார்ந்து ஆண்டி வார்ஹால் பாடகி டெபி ஹாரியின் உருவத்தைத் திரையில் வரைந்து காட்டினார். 1987-இல் வந்த அமிகா 500, விசைப்பலகைக்குள்ளேயே மொத்தக் கணினியும் அடங்கிய வீட்டு மாடல். 4,096 வண்ணங்கள், நான்கு தடத்தில் ஒலி. நான் வசிக்கும் இங்கிலாந்தில் ஒரு தலைமுறை படம் வரையவும் இசை கோக்கவும் விளையாடவும் இதில்தான் பழகியது. 1991-இல் வந்த 500 பிளஸ் அதன் தம்பி. ஒரு மெகாபைட் நினைவகம், புது இயங்குதளம், கூடவே தேதியும் நேரமும் வைத்திருக்கும் ஒரு கடிகாரச் சில்லு. கரண்ட் இல்லாதபோதும் கடிகாரம் ஓட வேண்டுமே! அதற்காக மதர்போர்டிலேயே சால்டர் வைத்து ஒட்டிய ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி. 3.6 வோல்ட். விரல் நுனி பெரிசு இருக்கும் ஒரு பீப்பாய்.

வில்லன் அதுதான்.

எல்லாரும் ‘ஆசிட் லீக் ஆயிடுச்சு’ என்கிறார்கள். அதுவே தப்பு. கார் பேட்டரியில் இருப்பது ஆசிட். இதில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். நோயின் பேரைத் தப்பாகச் சொன்னால் மருந்தும் தப்பாகத்தான் போகும். ஆசிட் என்று நம்பி ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள்; காரத்தின் மேல் இன்னொரு காரம். ஒரு பயனும் இல்லை. இதற்கு வேண்டியது வினிகர், இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு. பேட்டரியின் காலில் கசிந்து காற்று பட்டதும் வெள்ளையாகப் பூக்கும். அப்புறம் செம்புத் தடங்களைப் பிடித்துக்கொண்டு பச்சைப் பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். போர்டின் துளைகளுக்குள் இறங்கும், சில்லுகள் உட்கார்ந்திருக்கும் சாக்கெட்டின் கால்களில் ஏறும். மேலே பார்த்தால் லேசாக நிறம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். அடியில் செம்பு உப்பாகிப் போயிருக்கும். கரையான் அரித்த கதவு மாதிரி. சாத்தியிருக்கும்வரை கதவு, தொட்டால் தூள்.

இதில் என்னை நிஜமாகவே கொதிக்க வைப்பது வேறொன்று. இந்த பேட்டரி இல்லாமலே அந்தக் கணினி ஓடும். படம் வரையும், பாட்டுப் பாடும், விளையாடும். தேதி மட்டும் மறந்துபோகும். அவ்வளவே. அண்ணன் அமிகா 500-இல் கடிகாரம் தனியாக வாங்கிச் செருகும் நினைவக அட்டையில் இருந்தது. கசிந்தாலும் பெரும்பாலும் அந்த அட்டையோடு போகும், கழற்றிப் போட்டுவிடலாம். 1992-இல் வந்த அமிகா 1200-இல் அந்த பேட்டரியே கிடையாது. ஒரே குடும்பத்தில் அண்ணனும் தம்பியும் பிழைத்துக்கொள்ள, நடுவில் பிறந்தவன் ஒரு கடிகாரத்துக்காகச் சாகிறான்.

இதற்கு வடிவமைத்த பொறியாளர்களைத் திட்டுவது சுலபம். நான் திட்ட மாட்டேன். நாலைந்து வருஷம் ஓடினால் போதும் என்று செய்த வீட்டுச் சாமானை முப்பது வருஷம் கழித்து ஒருவன் திறந்து பார்ப்பான் என்று அவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை. அந்த நிறுவனமே 1994-இல் திவாலாகிவிட்டது. அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தும் பெட்டியைத் திறக்காமல் வைத்திருப்பவரிடம்தான் எனக்குச் சண்டை.

அவர்களுடைய முதல் வாதம், ‘திறந்தால் மதிப்புப் போய்விடும்’ என்பது. எந்த மதிப்பு? ஏலத்தில் போகிற விலையைத்தானே சொல்கிறீர்கள்? அருங்காட்சியகத்தில் பொருள்களைப் பழுது பார்க்கிறவர்கள் காலங்காலமாகச் சொல்லும் பாடம் எளிமையானது: செய்வதைக் குறைவாகச் செய், செய்ததை எழுதி வை, முடிந்தவரை பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய மாதிரி செய். பேட்டரியை எடுப்பது இந்த மூன்றுக்கும் பொருந்தும். எடுத்த இடத்தைப் படம் பிடித்து வையுங்கள். நாளைக்கு யாராவது அதே மாதிரி பேட்டரியைத் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். அரித்துப்போன செம்பை எந்த ஏலக்காரராலும் திருப்பித் தர முடியாது.

இரண்டாவது வாதம் இன்னும் நாகரிகமானது. என் நண்பன் ஒருவன் சொல்வான்: “டேய், எமுலேட்டர்ல எல்லாம் ஓடுதே. நீ எதுக்குடா பல்லு தேய்க்கிற பிரஷ்ஷை வச்சுக்கிட்டு வினிகர் வாசத்துல கெடக்குற?” நியாயமான கேள்விதான். எமுலேட்டரை நானும் தினம் பயன்படுத்துகிறேன். ஆனால் எமுலேட்டர் ஒரு பிரதி. அது சரியாக இருக்கிறதா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது? அதை எழுதியவர்கள் நிஜ மெஷினில் சோதனை நிரல்களை ஓட்டி, சில்லுகள் எந்த நொடித்துளியில் என்ன செய்கின்றன என்று ஒப்பிட்டுத்தான் எழுதினார்கள். இலக்கியம் படிக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூலச்சுவடி எரிந்துபோன பிறகு பாடபேதம் பார்க்கிறேன் என்று உட்கார முடியுமா? கையில் மிஞ்சியது சரியா தவறா என்று சொல்ல ஆளில்லாத பிரதி மட்டும்தான்.

மூன்றாவது தரப்பு வாதமே செய்வதில்லை. ரசிக்கிறது. பச்சையும் நீலமுமாய்ப் பூத்துப்போன போர்டைப் படமெடுத்துப் போட்டு, காலத்தின் ஓவியம் என்று கீழே ஒரு வரி எழுதும். அதற்கு நானூறு பேர் இதயம் போடுவார்கள். சிதைவில் அழகு இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்று படமெடுத்த நேரத்தில் ஒரு கட்டிங் பிளேயரை எடுத்திருந்தால் அந்தப் போர்டு பிழைத்திருக்குமே என்ற எண்ணம் எனக்கு வராமல் இருப்பதில்லை. சாகிறவனைக் கவிதையாகப் பார்க்கிறவன் தண்ணீர் கொடுக்க மறந்துவிடுகிறான்.

‘பெட்டியில் பத்திரமாக இருக்கிறது’ என்ற ஆறுதல் எவ்வளவு பொய் என்பதற்கு வார்ஹாலே சாட்சி. அவர் அமிகாவில் வரைந்த படங்கள் இருந்த ஃப்ளாப்பிகள் பிட்ஸ்பர்க்கில் அவர் பேரிலுள்ள அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தன. பத்திரமாக இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. கோரி ஆர்க்கேஞ்சல் என்ற கலைஞர் கேட்டு நச்சரித்த பிறகு, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி மன்றத்தைச் சேர்ந்தவர்கள் அந்த வட்டுகளிலிருந்து தரவை எடுத்தார்கள். பழக்கமில்லாத கோப்பு வடிவத்தை அலசிப் பிரித்துத்தான் படங்களைக் காண முடிந்தது. 2014-இல் வெளியான அந்தப் படங்களில் அவருடைய பேர்பெற்ற சூப் டப்பா இருந்தது. போட்டிச்செல்லியின் வீனஸ் மூன்று கண்ணோடு இருந்தாள். ஒருவர் போய்த் தொட்டதால் அவை நமக்குக் கிடைத்தன.

சரி, எப்படித் தொடுவது? நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். மின்சாரத்தைத் துண்டித்து, கையுறை போட்டுக்கொண்டு, பேட்டரியின் கால்களை வெட்டி எடுத்துவிடுவேன். காட்மியம் நஞ்சு, குப்பைத்தொட்டியில் போடக் கூடாது, பேட்டரி சேகரிக்கிற இடத்தில் கொடுக்க வேண்டும். பிறகு வினிகரைத் தொட்டு பிரஷ்ஷால் தேய்ப்பேன். நுரைத்து அடங்கும்வரை. அப்புறம் தண்ணீர், அதன்மேல் ஐசோபுரோபைல் ஆல்கஹால், ஒரு முழு நாள் உலர்த்தல். கறுத்த இடங்களில் பச்சைப் பூச்சைச் சுரண்டி, செம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை இங்கே, இன்னொன்றை அங்கே வைத்தால் பீப் என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் தடம் அறுந்திருக்கிறது. மயிரிழைக் கம்பியால் பாலம் போட வேண்டும். சில போர்டுகளுக்கு இரண்டு பாலம் போதும், சிலதுக்கு முப்பது. அழகாக இருக்காது. ஓடும்.

பழைய இடத்தில் புது பேட்டரி வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காசு மாதிரி இருக்கும் லித்தியம் பேட்டரியை அப்படியே ஒட்டினால் போர்டு அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும். அது சார்ஜ் ஏற்றக் கூடாத வகை. நடுவில் ஒரு டயோடாவது வேண்டும். தேதி தெரியாமல் இருப்பது இதைவிட நல்லது.

இது அமிகாவோடு முடிகிற கதையும் இல்லை. 1989-இல் வந்த ஆப்பிளின் மேகின்டாஷ் எஸ்இ/30-இல் இருப்பது லித்தியம் பேட்டரி. அதுவும் வெடித்துக் கசிந்து போர்டைத் தின்னும். அங்கே ரசாயனம் வேறு, மருந்தும் வேறு. ஆனால் அதைக் கழற்றுவதற்குத் திருப்புளி இருந்தாலே போதும். உங்கள் சித்தப்பா வீட்டுப் பரணில், அலுவலகத்தின் மூலையில், பள்ளிக்கூடத்தின் பூட்டிய ஆய்வகத்தில் பழைய கணினி ஏதாவது இருந்தால், அது என்ன மாடல், என்ன விலைக்குப் போகும் என்று அப்புறம் தேடிக்கொள்ளலாம். முதலில் திறந்து பேட்டரியை எடுங்கள். பத்து நிமிஷ வேலை.