மனிதனுக்கு ஏது தேய்மானக் கணக்கு?

லொறி ஒன்றை வாங்கினால் வருடா வருடம் அதன் பெறுமதி குறையும் என்பது வியாபாரிகளான நமக்குத் தெரியும். தேய்மானம் என்று கணக்கெழுதுகிறோம். காலம் தவறாமல் சேர்விஸுக்கும் விடுகிறோம். மனிதன் தேய்வதை மட்டும் எந்தக் கொப்பியிலும் எழுதுவதில்லை.

2021 ஆகஸ்ட் ஆரம்பம். டெல்டா வகைக் கொவிட் பரவி, வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்த நேரம். எங்கள் வீதியில் குடியிருக்கும் தாதி ஒருவர் கடமை முடிந்து கடைக்கு வந்தார். "என்ன வேணும் தங்கச்சி?" என்றேன். சற்று நேரம் தட்டுகளையே பார்த்துக் கொண்டு நின்றார். "மறந்துட்டுது நானா" என்று திரும்பிப் போய்விட்டார். கூட வேலை செய்தவர்கள் தனிமைப்படுத்தலில் இருந்ததால் இரண்டு கடமைகளைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார். மறுநாள் வந்து வாங்கிச் சென்றது பிள்ளையின் பால்மா.

சொந்தப் பிள்ளையின் பால்மாவையே மறக்கும் அளவுக்குக் களைத்த ஒருவர், நமது உம்மாவுக்கு ஏற்ற வேண்டிய ஊசி மருந்தின் அளவை மறக்காமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா?

இதை ஆங்கிலத்தில் 'பேர்ன் அவுட்' என்பார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது. சக்தி வற்றிப் போவது, வேலையில் மனம் ஒட்டாமல் விலகுவது, வேலைத்திறன் குறைவது. இதை ஒரு நோயாக அந்த ஸ்தாபனம் சொல்லவில்லை. வேலைத்தளத்தில் தீராமல் தொடரும் அழுத்தத்தின் விளைவு என்றே சொன்னது. "வார்ட்டில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை" என்று நாம் குறைப்பட்டோமே, அது இரண்டாவது அடையாளம்!

அந்த நாட்களில் நமது வர்த்தகர்களும் ஜமாஅத்துகளும் கட்டில், ஒட்சிசன் கருவி என்று அள்ளிக் கொடுத்தார்கள். அல்லாஹ் ஏற்றுக் கொள்வானாக. ஆனால் பத்துக் கட்டில் கூடியபோது பத்து நோயாளிகள் கூடினார்கள். தாதி கூடவில்லை. இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கலாம், பயிற்சி பெற்ற ஒரு தாதியை உருவாக்க வருடங்கள் வேண்டும்.

2022இல் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து கொள்ள, நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் நாட்டை விட்டுச் சென்றார்கள். சம்பளம் பெரிய காரணம்தான். ஆனால் களைத்துப் போனவரைத் தடுத்து நிறுத்துவது கடினம் என்பது, நல்ல கணக்குப்பிள்ளையை இழந்த எந்த முதலாளிக்கும் தெரியும்.

ஆள் நியமிப்பது அரசாங்கத்தின் பொறுப்பு என்பீர்கள். உண்மை. நமது கையில் இருப்பதும் கொஞ்சம் உண்டு. மருந்தகமோ தனியார் கிளினிக்கோ நடத்துபவர்கள், நெருக்கடி காலத்திலும் ஊழியருக்கு வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கொடுக்கலாம். அதற்காக வைக்கும் மேலதிக ஆளின் சம்பளத்தை நட்டமென்று எண்ண வேண்டாம், முதலைக் காக்கும் செலவு அது. கொடையாளிகள் அடுத்த முறை கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, பஸ் ஓடாத நாளில் ஒரு வாகனத்துக்கும், இரவுக் கடமையில் இருப்போரின் சூடான சாப்பாட்டுக்கும், வைத்தியசாலைக்கு அருகில் படுத்தெழும்ப ஓர் அறைக்கும் ஒதுக்கலாம். அதில் பெயர்ப் பலகை மாட்ட முடியாதுதான். நன்மை குறைந்து விடுமா என்ன?

இன்னொரு தொற்று வராமல் அல்லாஹ் பாதுகாப்பானாக. வந்தால், லொறிக்குக் காட்டும் கரிசனையையாவது மனிதனுக்கும் காட்டுவோம்.