சுஹைலி என்னும் தேக்குப் படகு

சென்ற பருவத்தில் நம் கல்லூரித் தமிழ் மன்றம் நடத்திய பட்டிமன்றத்தில், எதிரணி நண்பர் ஒருவர், "கையால் செய்த மரப்படகுகளுக்கு இனி இடம் அருங்காட்சியகம்தான்!" என்று முழங்கினார். கைதட்டல் வானைப் பிளந்தது. நானும் தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன், சொல்லழகு அப்படி. விடுதிக்குத் திரும்பிய பின்னர்தான் மனம் உறுத்தியது. அன்று மேடையில் சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறேன். நான் இயற்பியல் மாணவன், கடலோடி அல்லன். அறிந்தோர் பிழை பொறுக்க.

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய இளைஞர் வணிகக் கப்பலில் அதிகாரியாக இருந்தவர். 1960களில் பம்பாயில் தமக்கென ஒரு பாய்மரப் படகு கட்டுவித்தார். அவர் கேட்டிருந்த வரைபடம் ஒன்று. இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தது வேறொன்று! வந்ததையே வைத்துக் கட்டினார்கள். நீளம் 32 அடி. மரம் இந்தியத் தேக்கு. கட்டியவர்கள் பம்பாய்த் தச்சர்கள். கருவிகள் வாச்சியும் கைத்துரப்பணமும். 1964 டிசம்பரில் தேங்காய் உடைத்து நீரில் இறக்கினார்கள். பாரசீக வளைகுடாவில் அராபிய மாலுமிகள் தென்கிழக்குக் காற்றுக்கு வழங்கும் 'சுஹைலி' என்ற பெயரே அதற்கும் சூட்டப்பட்டது.

தவறி வந்த அந்த வரைபடத்தின் பூர்வீகம் சுவையானது. நார்வே நாட்டுக் கடற்கரையில் புயலில் சிக்கிய மீனவர்களைக் காப்பதற்கென்று காலின் ஆர்ச்சர் என்பவர் 1890களில் மீட்புப் படகுகளை வடிவமைத்தார். மற்றப் படகுகள் கரைக்கு ஓடி ஒளியும் வேளையில் கடலுக்குள் போக வேண்டிய படகுகள் அவை. அவ்வடிவத்தைச் சிறிதாக்கி, உல்லாசப் பயணத்துக்கு ஏற்றபடி அமைத்தவர் அமெரிக்கரான வில்லியம் அட்கின். அதுவே பம்பாய்க்கு வந்த வரைபடம்.

அப்படி என்ன சிறப்பு அதில்? முதலாவது, முதுகெலும்புபோல் அடியில் நீண்டு ஓடும் அடிமரம். பாய்களில் காற்றுத் தள்ளும் விசைக்கு ஒரு மையம் உண்டு. படகு பக்கவாட்டில் நழுவாதபடி நீர் தரும் எதிர்விசைக்கும் ஒரு மையம் உண்டு. பாய்களைக் கூட்டியும் குறைத்தும் இவ்விரண்டையும் இணக்கமாக அமைத்துவிட்டால், படகு தானாகவே திசை பிடித்துச் செல்லும். அடியில் குறுகிய தகடு பொருத்திய புதுவகைப் படகு சுக்கானைக் கைவிட்டதும் சட்டென்று திரும்பிவிடும். நீண்ட அடிமரமோ அவ்வளவு எளிதில் திரும்பாது. வண்டிக்காரர் உறங்கினாலும் மாடு வழி தவறாமல் வீடு சேர்ப்பதில்லையா? அதுபோலத்தான். இரண்டாவது, கனம். கனத்த படகு அலையில் தக்கைபோல் துள்ளுவதில்லை. உள்ளே இருப்பவனுக்கு எலும்பு மிஞ்சும். இரு பாய்மரங்கள் இருப்பதால் பாய்கள் சிறிதாகி, ஒருவனே சமாளிக்க முடிகிறது. பின்புறமும் முன்புறம் போலவே கூராக இருப்பதால், துரத்தி வரும் பேரலை பிளந்து போய்விடும்.

இதற்கெல்லாம் கொடுக்க வேண்டிய விலை வேகம். 1968 ஜூன் 14 அன்று பால்மத் துறைமுகத்திலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்ட நாக்ஸ்-ஜான்ஸ்டன், எங்கும் கரையேறாமல் உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22 அன்று அதே துறைக்குத் திரும்பினார். 312 நாட்கள்; சுமார் 30,000 கடல்மைல். கணக்கிட்டால் மணிக்குச் சுமார் நான்கு கடல்மைல்தான். நம் விடுதிச் சமையற்காரரின் சைக்கிள் இதைவிட வேகம்!

பயணம் தொடங்கிச் சில வாரங்களிலேயே அடிமரத்தை ஒட்டிய இடுக்குகள் வழியே நீர் கசிந்தது. நடுக்கடலில் அவரே நீரில் மூழ்கி, இடுக்கில் பஞ்சு திணித்து, அதன்மேல் கித்தானையும் செப்புத் தகட்டையும் வைத்து ஆணி அறைந்தார். மரப்படகின் குறை இதில் தெரிகிறது என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஒரு சுத்தியலும் கைப்பிடி ஆணியும் கொண்டு கடலின் நடுவிலேயே செப்பனிட முடிந்ததே, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? தென்கடல் புயல் படகைப் பக்கவாட்டில் சாய்த்து வீழ்த்தியது, அது நிமிர்ந்துகொண்டது. பேரலைகளின்போது பின்னால் நீண்ட கயிறுகளை இழுக்கவிட்டு வேகத்தைத் தணித்தார். ஆஸ்திரேலியாவை நெருங்கும்போது தானியங்கிச் சுக்கான் கருவி முற்றிலும் உடைந்தது. அதன் பிறகு இங்கிலாந்து வரை பாய்களைச் சீர்செய்து படகையே திசை பார்க்கவிட்டார். அந்த நீண்ட அடிமரத்தின் பெருமையை இதைவிட எப்படிச் சொல்வது?

அந்தப் போட்டியில் புறப்பட்டவர் ஒன்பது பேர். முடித்தவர் இவர் ஒருவரே. நடுநிலை தவறக்கூடாது: பிரெஞ்சுக்காரர் மோய்டெசியேயின் எஃகுப் படகு சுஹைலியைவிட விரைவானது, கேப் ஹார்ன் முனையையும் கடந்தது. அவர் போட்டியே வேண்டாமென்று தாஹிதித் தீவுக்குப் போய்விட்டார். ஆகவே மரம்தான் வென்றது, எஃகு தோற்றது என்று நான் மேடை முழக்கம் செய்ய மாட்டேன். டெட்லியின் ஒட்டுப்பலகைப் படகும் ஹார்னைக் கடந்ததுதான். வேகத்துக்காக விரட்டப்பட்ட அது, வீட்டை நெருங்கும் வேளையில் சிதைந்து மூழ்கியது. அவர் உயிர் பிழைத்தார்.

சுஹைலி குறையற்ற படகு என்றும் சொல்லேன். அதில் அறைந்த இரும்பு ஆணிகள் காலப்போக்கில் துருப்பிடித்தன. அரை நூற்றாண்டு ஆன பின் அவற்றை மாற்ற வேண்டியிருந்தது. தேக்கு நின்றது, இரும்புதான் தளர்ந்தது.

இனி நண்பரின் அருங்காட்சியகத்துக்கு வருவோம். சுஹைலியை உண்மையிலேயே கிரீனிச்சில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். கூரையின் கீழ், உலர்ந்த காற்றில், பலகைகள் சுருங்கத் தொடங்கின. மூன்று பெருங்கடல்கள் செய்ய முடியாததை ஒரு நல்ல கூடம் செய்யப் பார்த்தது! நாக்ஸ்-ஜான்ஸ்டன் 2002இல் அதை மீட்டு மீண்டும் நீரில் விட்டார். 2018 ஜூன் 14 அன்று, பயணத்தின் 50ஆம் ஆண்டு நிறைவில், அதே பால்மத் கடலில் அதே படகை அவரே ஓட்டினார்.

என் நண்பர் இதற்கு மறுப்பு எழுதுவார் என்று தெரியும். தாராளமாக எழுதட்டும். 'அருங்காட்சியகம்' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையோடு கையாளட்டும்.