நிவாரணமா, இழப்பீடா?

"கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் விஷவாயு தாக்கிப் பலி. குடும்பத்தினருக்கு நிவாரணம் அறிவிப்பு."

இப்படியொரு செய்தியை நாம் எல்லோரும் பலமுறை படித்திருக்கிறோம். இரண்டு வரிதான். ஒழுக்க மெய்யியலின் அடிப்படைச் சொற்களை விளக்க இதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரியவில்லை.

நான் அந்தத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டார்: "கடமை, நற்பண்பு, நீதின்னு இதையெல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது தோழர்? கான்ட்டைப் படிச்சுட்டு எந்தச் சாதிவெறியன் திருந்தப்போறான்?" திருந்தமாட்டான்தான். ஆனால் எதிரியின் சொற்கள் நம் வாயிலும் புழங்குகின்றன. அதைக் கண்டுபிடிக்கவாவது இந்தப் படிப்பு உதவும்.

முதல் வரியில் கொன்றது யார்? விஷவாயு. இறக்கிவிட்டவர் அந்த வாக்கியத்திலேயே இல்லை. மெய்யியலில் 'பொறுப்பு' என்ற கருத்தின் முதல் கேள்வி, செய்தவர் யார் என்பதுதான். மின்னல் தாக்கினால் அது துயரம். பாதுகாப்பு ஏதுமின்றி ஒரு மனிதரை மலக்குழிக்குள் இறக்கி அவர் செத்தால் அது குற்றம். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றி ஒருவரைக் கழிவுநீர்க் குழியில் இறக்கினால், முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 'விபத்து' என்று எழுதும்போது அந்தக் குற்றவாளியை நாமே தப்பிக்க விடுகிறோம்.

இரண்டாவது வரி இன்னும் நுட்பமானது. கான்ட் கடமைகளை இரண்டாகப் பிரித்தார். ஒன்று கறாரானது: வாங்கிய கடனைத் திருப்பித் தருவது போல. தராவிட்டால் கேட்க எதிராளிக்கு உரிமை உண்டு. மற்றது நெகிழ்வானது: இல்லாதவருக்கு உதவுவது போல. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது கொடுப்பவர் விருப்பம். பெறுபவர் கேட்டு வாங்க முடியாது. நன்றி சொல்லலாம்.

'நிவாரணம்' இரண்டாவது வகை. 'இழப்பீடு' முதல் வகை. உச்ச நீதிமன்றம் 2014இல், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் தர வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அது யாருடைய பெருந்தன்மையும் அல்ல, கொடுத்தே தீர வேண்டிய தொகை. அதை ஒருவர் காசோலையாக நீட்டிப் படம் எடுத்துக்கொள்ளும்போது, கடன்பட்டவர் வள்ளல் ஆகிறார். கடன் கொடுத்தவர் கையேந்தியவர் ஆகிறார்.

இந்தச் சறுக்கலுக்கு நம் மொழியே வழி வைத்திருக்கிறது. 'தர்மம்' என்பது நீதிக்கும் பெயர், பிச்சைக்கும் பெயர். 'அறம்' நேர்மையையும் குறிக்கும், அறக்கட்டளையின் கொடையையும் குறிக்கும். 'கடமை'யோ சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு வரியின் பெயர். கீழே இருப்பவர் மேலே செலுத்துவது. சாதியச் சமூகத்தில் இந்த ஓட்டம் பெரிதாக மாறவில்லை. கடமை கீழிருந்து மேலே போகிறது, கருணை மேலிருந்து கீழே சொட்டுகிறது. உரிமை என்ற சொல்லுக்கு இடையில் இடமே இல்லை.

"யாராவது இறங்கித்தானே ஆக வேண்டும், ஊர் நாறாமல் இருக்க?" என்பார்கள். பயன்வாதம் பேசுகிறார்களாம். பெரும்பாலோர் நன்மைக்கு எது உகந்ததோ அதுவே சரி என்ற கொள்கையை வகுத்த பெந்தாமே, கணக்கில் ஒவ்வொருவரும் ஒருவராக எண்ணப்பட வேண்டும் என்றவர். நம் ஊர்க் கணக்கில் நன்மை எல்லாத் தெருவுக்கும் போகிறது, சாவு ஒரே தெருவுக்குப் போகிறது. ரால்ஸ் கேட்டதைக் கேட்டுப் பாருங்கள்: எந்தத் தெருவில் பிறக்கப்போகிறோம் என்று தெரியாத நிலையில் இந்த ஏற்பாட்டுக்கு யார் கையெழுத்திடுவார்?

நற்பண்பு என்ற சொல்லுக்கும் இதே கதிதான். 1936இல் 'ஹரிஜன்' இதழில் காந்தி, மலம் அள்ளும் தொழிலாளியின் வேலையைத் தாய் தன் குழந்தைக்குச் செய்யும் பணியோடு ஒப்பிட்டார். புகழ்ச்சிதான். ஆனால் தாய்மையைப் போற்றுபவர் யாரும் அந்த வேலையைப் பரம்பரையாகத் தங்கள் பிள்ளைக்கு எழுதி வைக்கவில்லை. 1945இல் வெளிவந்த நூலில் அண்ணல் அம்பேத்கர் இந்தப் போற்றலைக் கடுமையாகச் சாடினார். ஒரு சாராருக்கு மட்டும் உயர்ந்ததாகச் சொல்லப்படும் தொழில், அவர்களை அங்கேயே கட்டிப்போடும் கயிறு.

'சாதி ஒழிப்பு' நூலில் அவர் செய்த ஒரு பிரிவினையை எல்லா மெய்யியல் மாணவர்களும் படிக்க வேண்டும்: விதி வேறு, கொள்கை வேறு. விதி, இதைச் செய் என்று கட்டளையிடும். கொள்கை, செய்வது சரியா என்று எடைபோடக் கற்றுத்தரும். விதிக்குக் கீழ்ப்படிபவர் பொறுப்பேற்பதில்லை. கொள்கைப்படி நடப்பவர் தப்பிக்க முடியாது. "நான் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டேன்" என்பது விதியின் குரல்.

"பெயர் எதுவானால் என்ன, பணம் போய்ச் சேர்ந்தால் சரி" என்று தோழர்கள் சிலர் சொல்வதுண்டு. அந்த வீட்டுக்குப் பணம் அவசரம்தான், மறுக்கவில்லை. ஆனால் நிவாரணம் வாங்கிய வீட்டில் விஷயம் நன்றியோடு முடிகிறது. இழப்பீடு என்றால் இழக்கச் செய்தவர் யார் என்ற கேள்வி எழும். முதல் தகவல் அறிக்கையில் எந்தச் சட்டப் பிரிவு போடப்பட்டது என்ற கேள்வி வரும். அடுத்த குழியை மூட இயந்திரம் எங்கே என்ற கேள்வி வரும்.

கருணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புத்தரின் பாதையில் அது பெரிய சொல். அந்தப் பாதையைப் பற்றி எழுதிய அம்பேத்கரும், கருணையோடு நிற்காமல் மைத்ரிக்குப் போகச் சொன்னார். தோழமை என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். தோழமையில் மேலே இருந்து சொட்டுவது எதுவும் இல்லை. இழப்பீடும்கூட முடிவல்ல. செத்தபின் தருவது அது. யாரும் இறங்காமல் இருப்பதுதான் நீதி.

அதுவரை ஒரு சின்ன வேலை செய்யலாம். அடுத்த முறை கண்டன அறிக்கையோ முகநூல் பதிவோ எழுதும்போது 'பலி', 'விபத்து', 'நிவாரணம்' என்ற மூன்று சொற்களும் விரலில் வந்தால் நிறுத்துங்கள். கொலை, குற்றம், இழப்பீடு என்று எழுதுங்கள். அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன்.