ஒரு மீக்கடையும் நமது மதிப்பும்

ஒரு தொழிலை வாயினாற் புகழ்வது எளிது. அத்தொழிலே தன் வீட்டுத் தொழிலென்று நாலுபேர் நடுவே சொல்லிக்கொள்வது அரிது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு என்பதைச் சென்ற கோடை விடுமுறையிலே, சிங்கப்பூரில் ஒரு பழைய மீக்கடையின் முன்னே வரிசையில் நின்றபோது உணரலானேன். உணர்ந்ததை நம் கல்லூரி அன்பர்கள்முன் வைத்து, என் கருத்தையும் ஒளியாமற் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீ என்பது கோதுமை மாவைப் பிசைந்து நீளவிழைகளாக ஆக்கிய உணவு. சீனர் கொண்டுவந்த இதனை அந்நாட்டுத் தமிழரும் அப்பெயராலேயே வழங்குகின்றனர். அங்குள்ள தமிழ் முஸ்லிம்கள் அதனை மிளகாய்க் கூட்டோடு வதக்கி, 'மீ கோரெங்' என்னும் பெயரால் தம் கைப்பாகமாகவே ஆக்கிக்கொண்டுவிட்டனர்.

சிங்கப்பூரிலே வேலைபார்க்கும் என் தாய்மாமன் ஒருநாட் காலை என்னைக் கிராஃபர்டு லேன் என்னும் இடத்திற்கு அழைத்துச் சென்றார். அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்திலே ஒரு காப்பிக்கடை. அதனுள்ளே ஒரு மூலையில் மீக்கடை. 1932இல் ஹில் ஸ்திரீட் என்னும் வீதியிலே தோன்றிய கடையாதலின், இடம் பெயர்ந்த பின்னரும் 'ஹில் ஸ்திரீட் தாய் ஹுவா' என்றே அழைக்கப்படுகின்றது. அலங்காரம் யாதுமில்லை. கொதிக்கும் அண்டாவும், வரிசையாய் வைத்த கிண்ணங்களும், முகத்தில் அடிக்கும் ஆவியுமே அக்கடையின் செல்வம்.

அங்கே செய்யப்படுவது 'பாக் சோர் மீ', அஃதாவது கொத்திய பன்றியிறைச்சி மீ. தியோச்சியூச் சீனரின் உணவு. அதனைக் குழம்பின்றி உலர்வாக உண்பதே பலருக்கும் விருப்பம். மிளகாய் அரைப்பும் கருங்காடியும் கிண்ணத்தின் அடியிற் கிடக்க, வெந்த மீயை நீர்வடித்து அதன்மேற் கொட்டிப் புரட்டுகின்றனர். இறைச்சியும் ஈரலும் மேலே சேர, பொரித்த நாக்குமீன் கருவாடு மொறுமொறுவென்று உடன்வருகின்றது. சாறு தனிக் கிண்ணத்தில் வரும். முதல் வாயிலே காரம் நாவைச் சுட்டது. அடுத்த கணமே காடியின் புளிப்பு அதனை ஆற்றிற்று. என் கண்ணில் நீர் வந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

ஆனால் அந்த முதல் வாய்க்கு நான் ஒரு மணிநேரத்திற்கு மேல் நின்றேன். ஒவ்வொரு கிண்ணமும் தனித்தனியே ஆக்கப்படுவதே தாமதத்திற்குக் காரணம். பொறுமையிழந்து, "மாமா, இத்தனைபேர் காத்திருக்க, இன்னும் இரண்டு அடுப்பு வைத்தாலென்ன?" என்றேன்.

"அடுப்பு வைக்கலாம், மருமகனே. கைக்கு எங்கே போவது?" என்றார் மாமா.

அச்சொல் என்னை விட்டு அகலவில்லை. இக்கடை பெறாத புகழில்லை. 2016இல் மிஷெலின் என்னும் புகழ்பெற்ற உணவு வழிகாட்டி முதன்முறையாகச் சிங்கப்பூருக்கென வெளிவந்தபோது, நட்சத்திரம் பெற்ற எளிய கடைகள் இரண்டு; அவற்றுள் இது ஒன்று. மற்றொன்றிலே சோயாச் சாற்றுக் கோழியும் சோறும் அந்நாளில் 2 வெள்ளிக்கே விற்றன. தனிக்கடைகள் மட்டுமல்ல, அந்நகரத்துச் சிறுகடை மரபு முழுவதுமே உயர்ந்த சிறப்பைப் பெற்றுள்ளது. ஒருகாலத்தில் வீதியோரங்களிலே விற்றுவந்தவரை 1968, 1969ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் பதிவு செய்தது. அவர்கள் ஏறத்தாழ 18,000 பேர். பின்னர், 1971 முதல் 1986 வரை கூரையும் குழாய்நீரும் உடைய உணவங்காடி நிலையங்களைக் கட்டி, அவர்களை அங்கே குடியேற்றியது. சீனரும் மலாயரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் விற்று, ஒரே மேசையில் உண்ணும் அந்த மரபினை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் கலாசாரச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

இத்தனை மாலைகள் சூட்டப்பட்ட அதே 2020இல், அவ்வுணவங்காடிக்காரரின் இடைநிலை வயது ஏறக்குறைய 60. விடியுமுன் எழுந்து, அடுப்பருகே நாளெல்லாம் நிற்கும் வேலைக்கு இளைஞர் எளிதில் வருவதில்லை. பெற்றோரும் அதை விரும்புவதில்லை. தாம் வெந்தது போதும், பிள்ளை குளிர்ந்த அறையில் உட்காரட்டும் என்பது அவர்கள் எண்ணம். மாலை சூட்டுவோர் பலர். கரண்டியை வாங்குவோர் சிலர்.

இதனைப் பிறர் குற்றமாகச் சொல்லிவிட்டு நான் தப்ப இயலாது. என் தகப்பனார் எங்களூர்ப் பேருந்து நிலையத்தருகே எட்டுப்பேர் உட்காரக்கூடிய இட்டிலிக்கடை வைத்திருக்கிறார். இக்கல்லூரி விடுதியில் நான் சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்திலே 'வியாபாரம்' என்றெழுதினேன். அது பொய்யன்று, உண்மையுமன்று. அயல்நாட்டு மீக்கடையின் முன்னே ஒரு மணிநேரம் பெருமையாய் நின்ற நான், எங்கள் கடை வாயிலில் நண்பன் ஒருவன் வந்து நின்றானென்றால் உள்ளே ஒளிந்திருப்பேன். இதை எழுதவும் நாணமாகத்தானிருக்கின்றது.

இனி, இவ்விஷயத்தில் நாம் செய்யவேண்டுவது யாது? என் கருத்தில் இரண்டு உள.

முதலாவது, உரிய விலையை முணுமுணுப்பின்றிக் கொடுத்தல். எளிய உணவு என்றும் மலிவாகவே இருக்கவேண்டும், ஏழைத் தொழிலாளி எங்கே போவான் என்று சிலர் கேட்பர். அக்கேள்வி நியாயமானது. ஆயினும் ஏழையின் பசியைத் தீர்க்கும் பாரத்தை மற்றோர் ஏழையின் முதுகிலேயே ஏற்றுவது நியாயமாகுமா? அது பொதுமக்கள் சேர்ந்து சுமக்கவேண்டிய பாரம். சிங்கப்பூரில் அங்காடியின் மூத்த கடைக்காரர் சிலர்க்கு அரசாங்கம் வாடகையைக் குறைத்தே வாங்குகின்றது. 2020 முதல் புதியவர்க்குப் பயிற்சியும் அளிக்கின்றது. அது செல்லத்தக்க வழி. மேலும், விலையைப்பற்றி வாதிடுவோர் அனைவரும் ஏழைகளல்லர். குளிர்சாதன அறையில் கேட்ட விலைக்கு வாய்திறவாமற் காப்பி அருந்துகின்ற நாமே, இட்டிலிக்கு ஒரு ரூபாய் ஏறினால் நியாயம் பேசுகின்றோம். என் தகப்பனார் விலையை ஏற்ற எண்ணிய ஒவ்வொரு முறையும், "பிள்ளைகள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்" என்று அஞ்சி நிறுத்தியதை நான் அறிவேன்.

இரண்டாவது, கற்றவன் கரண்டி பிடிப்பதைத் தோல்வியென்று கருதாமை. மேற்கூறிய மீக்கடையை, நட்சத்திரம் வந்த காலத்தில் நடத்திவந்தவர் அதை நிறுவியவரின் மைந்தரே. தந்தையின் கைப்பக்குவம் மகனுக்கு வந்ததனாலன்றோ 1932ஆம் ஆண்டின் சுவை நம் நாள்வரை வந்து சேர்ந்தது! ஏட்டிலே எழுதி வைத்தால் அளவு நிற்கும், கை நில்லாது. மீயை எப்போது எடுக்கவேண்டும் என்பதைக் கொதிக்கும் நீரின் முன்னே பல்லாண்டு நின்றவனே அறிவான். அத்தகைய அறிவையும் கல்வியென்று ஒப்புக்கொள்ள நாம் ஏன் தயங்கவேண்டும்?

அவ்வாறாயின் நீ உன் தந்தையின் கடைக்குச் செல்வாயா என்று அன்பர்கள் கேட்கலாம். இன்னும் அறியேன். நான் ஆசிரியனாகவேண்டும் என்பது அவருடைய ஆசை; தமிழ் படிப்பிப்பது என்னுடைய ஆசையுமாகும். ஆயினும் ஒன்றைத் துணிந்து சொல்வேன். நான் போகாவிடின் அது என் விருப்பத்தினால் ஆகட்டும், நாணத்தினால் ஆகவேண்டாம். ஊர் திரும்பிய மறுநாள் விடியற்காலையிலே, நான்காண்டுகளுக்குப் பிறகு, அப்பாவின் அருகில் நின்று தட்டில் மாவு ஊற்றினேன். அவர் ஒன்றும் பேசவில்லை; என் கையைப் பார்த்து, "கொஞ்சம் குறைத்து ஊற்று" என்றார்.

இவ்வாண்டு விடுதி விண்ணப்பத்தில் 'இட்டிலிக்கடை' என்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன். விடுமுறையில் எங்களூர்ப் பக்கம் வரும் நண்பர்கள் அவசியம் வாருங்கள். வரவேற்பேன், ஒளியமாட்டேன். விலையை மட்டும் குறைக்கச் சொல்லாதிருங்கள்.