ரெங்கத்தில் டீசல் கார்

பழைய பிஎம்டபிள்யூ 520டி தேடுகிறவர்கள் 2011-ஆ 2015-ஆ என்று விலையைத்தான் ஒப்பிடுகிறார்கள். எந்த எஞ்சின் என்று கேளுங்கள். 2011-இல் இருப்பது என்47. டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் ஒளிந்திருக்கும். தேய்ந்தால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் கைவைக்க முடியாது. மிச்சம் பிடித்த பணம் பட்டறையில் கரையும். 2014-இல் வந்த பி47-க்கும் செயின் பின்னால்தான், ஆனால் என்47 போல் செயின் தேயும் என்ற கெட்ட பெயர் இல்லை. என் ஓட்டு 2015-க்கே. அதுவும் சிம்பாங் ரெங்கம் டோல் ஏறி ஜொகூர் பாருவுக்கு அடிக்கடி ஓடுகிறவருக்கு மட்டும். தோட்டத்துக்கும் கடைக்கும் ஓட்டினால் புகைக்கரி வடிகட்டி சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். சிக்கனம் என்கிறீர்களா? 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறியது, ரோன்95 பெட்ரோல் அன்று 2.05.